அவசரமில்லீங்க

மோகன்குமார் எங்கள் முட்டைக் கம்பெனியில் கம்ப்யூட்டர் துறைத் தலைவராகச் சேர்ந்த அன்றே முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "முட்டை லாரி நேரத்துக்குக் கெளம்போணுங்க. கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டும் அதுக்குத்தான் வேல செய்யோணும்."

மோகன்குமார் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீஸில் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு யோசித்தார். இனி கம்ப்யூட்டர் கோளாறு என்று யாரும் போன் செய்யக் கூடாது. செயலியில் எழுத வேண்டும். எழுதிய தோரணையைப் படித்து, எது அவசரம் என்று செயலியே முடிவு செய்யும். அவசரமென்றால் உடனே, இல்லையென்றால் மூன்று நாள். கம்பெனியின் இலக்கோடு துறையை இணைத்தாயிற்று என்று படம் போட்டுக் காட்டினார். முதலாளிக்குப் படம் பிடித்திருந்தது.

கணக்குப் பார்க்கும் பிரபாகரின் மவுஸ் கெட்டது. "என்னய்யா கிழிக்கறீங்க அங்க?" என்று எழுதினார். காபி ஆறுவதற்குள் புது மவுஸ் வந்தது.

ஜேடர்பாளையம் பக்கத்தில் முட்டை கோடவுனைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னண்ணனுக்கு அப்படியெல்லாம் எழுத வராது. அவர் கோழியையே 'போங்க' என்று விரட்டுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெளிநாட்டுக்குப் போகும் முதல் லோடு ஏறி நின்றது. சாயங்காலத்துக்குள் துறைமுகம் சேராவிட்டால் கப்பல் போய்விடும், கூடவே உங்கள் வேலையும் போய்விடும் என்று முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து இ-வே பில் போடும் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பில் இல்லாமல் லாரி ரோடேற முடியாது.

சின்னண்ணன் எழுதினார்: "வணக்கமுங்க. பில்லு வரமாட்டீங்குதுங்க. அவசரமில்லீங்க, தோதுப்பட்டப்பப் பாருங்க."

செயலி அதை மூன்று நாள் வரிசையில் போட்டது. பாவம், மனிதர். அவருக்குப் பதற்றம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "மறுக்காத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கோணுங்க" என்று எழுதினார். மதியம், "சாப்டீங்களா சாமி? சாப்டுட்டு மெதுவாப் பாருங்க." ஒவ்வொன்றுக்கும் செயலி அவரை இன்னும் கீழே இறக்கியது. போன் செய்தும் பார்த்தார். விதிப்படி யாரும் எடுக்கவில்லை. முதலாளியைக் கூப்பிட்டு அடுத்தவர் மேல் கோள் சொல்ல மனசு வரவில்லை.

கப்பல் போய்விட்டது.

"அவசரம்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமில்லீங்க?" என்று மறுநாள் கூட்டத்தில் முதலாளி கேட்டார்.

"படிச்சவங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்குமுங்க. அவங்கள எப்படிங்க அவசரப்படுத்தறது?"

வேலை போனது. அதே கூட்டத்தில் மோகன்குமார், கோடவுனிலிருந்து அந்த மாதம் ஓர் அவசரப் புகார்கூட வரவில்லை என்று காட்டினார். கை தட்டினார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் எரிகிறது.

திங்கட்கிழமை சேலத்திலிருந்து தனுஷ் என்ற இன்ஜினியர் வந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்தார். கெடுவுக்குள் முடித்துவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. கோடவுன் சாவியை ஒப்படைக்க வந்திருந்த சின்னண்ணனின் செல்போனில், சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேள்வி வந்தது.

"இந்த வெயில்ல அத்தன தூரம் வந்திருக்கறாருங்க" என்று சொல்லி, அவர் ஐந்தையும் அழுத்தினார்.