கில்டோரனைப் பற்றி ஓர்லா சொன்னது

ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஊர் ஓட்டல் கூடத்தில் நாற்காலி போதாமல் ஜனங்கள் சன்னல் திட்டிலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஊருக்கு வெளியே மைதானத்தில் வேலி தாண்டும் குதிரைப் பந்தயம். முந்தின மாலை, விஷயம் தெரிந்த நாலு பேரை மேடையில் உட்காரவைத்து எந்த ஓட்டத்தில் எந்தக் குதிரை தேறும் என்று பேசவைப்பது அயர்லாந்தில் டிப்பரரிப் பக்கம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் மேடையில் யாராவது யாரையாவது கடித்துக் குதறுவார்களா என்று பார்க்க வருகிறவர்கள்.

அன்று மேடையில் மாட்டி ஃபோலன் நடுவில் இருந்தார். மாட்டு ஏலம் விடுகிறவர், தொண்டை அவருக்குச் சொத்து. ஒரு பக்கம் லிமெரிக்கிலிருந்து வந்த, பந்தயப் பணம் வாங்கும் ஒரு புக்கி. இன்னொரு பக்கம் குதிரைப் பயிற்சியாளர் டோனல் கின்செல்லா. கடைசி நாற்காலியில் அவனுடைய தங்கை ஓர்லா.

ஓர்லா ஜாக்கியாக இருந்தவள். பெரும்பாலும் அண்ணன் லாயத்துக் குதிரைகளில்தான் ஏறினாள். கில்டோரன் என்ற செந்நிறக் குதிரை அங்கே வந்தபோது வேலியைக் கண்டாலே மிரண்டு பக்கவாட்டில் ஓடும். ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டித் தாண்டப் பழக்கியவள் அவள். சின்ன ஓட்டங்களில் அதை ஜெயிக்கவைத்தவளும் அவளே. பெரிய ஓட்டம் வந்தபோது குதிரையின் சொந்தக்காரர் ரெட்மண்ட், டப்ளினில் கட்டடம் கட்டி விற்கிறவர், பேர் பெற்ற ஜாக்கிதான் ஏற வேண்டும் என்றார். டோனல் சரி என்று தலையாட்டிவிட்டான். அதைத் தங்கையிடம் நேரில் சொல்லவும் இல்லை. லாயத்தில் சாணி அள்ளும் பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெரிய ஓட்டத்தில் கில்டோரன் ஜெயித்த அதே நாள், கடைசி ஓட்டத்தில், யாருடையதோ ஒரு உருப்படாத குதிரையில் ஏறி விழுந்தாள். முதுகெலும்பு முறிந்தது. இப்போது நடக்கிறாள், காரோட்டுகிறாள். குதிரை ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் உள்ளூர் வானொலியில் பந்தயம் பற்றிப் பேசுகிறாள்.

"முதல் ஓட்டத்துல யாரு, ஓர்லா?" என்று தொடங்கினார் மாட்டி.

"பிரென்னனோட பெட்டைக்குதிரை. வேகம் இருக்கு, தாண்டவும் தெரியுது. என்ன, முன்னால வந்துட்டா நின்னு நாலா பக்கமும் வேடிக்கை பாக்கும். பூசை நேரத்துல பிரென்னன் பாக்கற மாதிரி."

கூடம் சிரித்தது. முன்வரிசையில் பிரென்னனும் சிரித்தார்.

"ரெண்டாவதுல ஜனங்க எல்லாம் அந்த பிரெஞ்சுக் குதிரை மேலதான் கட்டறாங்க" என்றான் புக்கி.

"கட்டட்டும். உங்களுக்குத்தான் லாபம். போன தடவை கடைசி வேலியை அது தாண்டல, ஊர்ந்து வந்துச்சு. நாளைக்கு இன்னும் அரை மைல் கூட."

இப்படியே அடுத்த ஓட்டங்களும் போயின. அவள் சொல்வதைச் சிலர் கையில் குறித்துக்கொண்டார்கள். பிறகு மாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பப் பெரிய ஓட்டம். கில்டோரன். அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். நான் நடுவுல உக்காந்தது நல்லதாப் போச்சு. டோனல், நீ சொல்லுப்பா."

"வீட்டுல பறக்கறான். இவ்வளவு நல்லா இருந்து நான் பாத்ததில்ல. நாளைக்கு ஜெயிக்கணும்னா இவனத் தாண்டித்தான் ஜெயிக்கணும்."

"ஓர்லா?"

மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. தண்ணீர் பாய்ச்சியும் மைதானம் இளகவில்லை. காலையில் அவளே நடந்து பார்த்தபோது செருப்புக் குதிகால் மண்ணில் இறங்கவில்லை. அவள் பழக்கிய அந்தக் குளிர்காலத்தில் கில்டோரனின் முன்னங்கால் தசைநார் ஒருமுறை வீங்கி அடங்கியிருந்தது. அது இந்தக் கூடத்தில் அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

"நாளைக்கு ஓடறதுல அவன்தான் நல்ல குதிரை. அதுல பேச்சே இல்ல. ஆனா தரை கட்டாந்தரையா கெடக்கு. அவன் காலுக்கு அது ஆகாது. மழை பெய்யலைன்னாலும் ஓட்டுவியா, டோனல்?"

"ஓட்டுவேன்."

"அப்ப நான் அவன் மேல கட்ட மாட்டேன். உன் இடத்துல நான் இருந்தா, ஓட்டவும் மாட்டேன்."

பின்னாலிருந்து ஷே டூஹி, கசாப்புக் கடைக்காரன், உரக்கச் சொன்னான்: "நீ ஏறல பாரு, அதான் கால் சரியில்ல."

இன்னொருத்தன் எடுத்துக் கொடுத்தான்: "ஏறியிருந்தா நாலு காலும் தங்கமாயிருக்கும்."

சிரிப்பு கூரையை முட்டியது. ஓர்லா அண்ணனைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். பெரிய சிரிப்பு இல்லை; பியர் தம்ளரைப் பார்த்தபடி, கூட்டத்தோடு கூட்டமாக.

வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் அவன் அவள் பின்னாலேயே வந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ரெட்மண்ட் நாளைக்கு ஒரு கூட்டத்தையே விருந்துக்குக் கூட்டிட்டு வரார். இவன் ஓடலைன்னா அவரோட குதிரை எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டார். லாயத்துல பாதி அவரோடது. வேலை செய்யற பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அத நீ பாத்துக்க. ஷே டூஹி பேசினப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அந்தக் கால் வீங்கினது உனக்குத் தெரியும். பக்கத்துலயே உக்காந்து ஐஸ் வச்சது நான்."

"என்னன்னு சொல்றது? அவன் சொன்னது பொய்யா? உனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல் இருக்கத்தானே செய்யுது."

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இருக்கத்தான் செய்தது. அந்தச் செந்நிறக் கழுத்துக்குப் பின்னால் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இருந்தது. அது இருப்பதால் குதிரையின் காலைப் பற்றி அவள் சொன்னது பொய்யாகிவிடுமா என்று கேட்க, வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது. காரை நிறுத்தி, ஒரு புல்வெளி ஓரம் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளும் மழை இல்லை. ஓர்லா வானொலிக் கூண்டிலிருந்து ஓட்டத்தைப் பார்த்தாள். கில்டோரன் தாண்டிய அழகைச் சொல்லும்போது அவளுடைய குரலே ஏறியது. அவள் கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொரு வேலிக்கும் காதை விடைத்து, எட்டிப் பிடித்துத் தாண்டினான். கடைசி வேலிக்குப் பிறகு நடை சற்றுக் கோணியது. அப்படியும் ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் ஜெயித்தான். எல்லையைத் தாண்டிச் சில அடி போனதும் ஜாக்கி குதித்து இறங்கினான். கில்டோரன் முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

"குதிரை நொண்டுது" என்று ஓர்லா ஒலிவாங்கியில் சொன்னாள். நிலையத்தில் இருந்தவர்கள் விளம்பரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கீழே ரெட்மண்ட் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். விருந்தாளிகள் கூச்சலிட்டார்கள். டோனல் அவர் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். படிக்கட்டில் ஓர்லாவை வழிமறித்தான் ஷே டூஹி.

"என்ன ஓர்லா, கால் ஆகாதுன்ன?"

"போய்ப் பாருங்க. கால்நடை டாக்டர் கூட்டிட்டுப் போறார்."

"அதான் ஜெயிச்சுட்டான்ல" என்றான் அவன், பணம் வாங்கப் போகிற அவசரத்தில்.

தசைநார் கிழிந்துவிட்டது. இனி ஓட்டம் கிடையாது. அடுத்த வாரம் ரெட்மண்ட் தம் குதிரைகளைக் கில்டேரில் இருந்த பெரிய லாயத்துக்கு மாற்றினார். கோப்பை கிடைத்த கையோடு பெரிய இடம் தேடினார், அவ்வளவுதான். டோனல் மேல் கோபம் ஒன்றுமில்லை. வண்டிகள் வந்து மற்றவற்றை ஏற்றின. கில்டோரனை மட்டும் விட்டுவிட்டார். "உனக்கே பரிசு" என்று டோனலின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மாட்டி ஃபோலன் ஓர்லாவுக்குத் தொலைபேசியில் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. அடுத்த தடவை மேடைக்கு வேற ஆளப் பாத்திருக்கோம். ஜனங்களுக்குக் கொஞ்சம் கலகலன்னு பேசற ஆள் வேணுமாம்."

"நான் சொன்னது தப்பா, மாட்டி?"

"தப்புன்னு யார் சொன்னா? நீ சொன்ன விதம்தான்."

அன்று பிற்பகல் அவள் அண்ணனின் லாயத்துக்குப் போனாள். கதவுகள் பாதிக்கு மேல் திறந்து கிடந்தன, உள்ளே வைக்கோல் கூட இல்லை. டோனல் குழாயைப் பிடித்து கில்டோரனின் காலில் குளிர்ந்த தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் நிமிரவில்லை.

"வந்துட்டியா. அன்னிக்கே சொன்னேனேன்னு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்லிட்டுப் போ."

"அதுக்கு வரல."

"பின்ன எதுக்கு வந்த?"

"குதிரையப் பாக்க."

அவன் குழாயைத் தரையில் போட்டுவிட்டு, அவளைத் தொடாமல் ஒதுங்கி, வீட்டுக்குள் போனான். ஓர்லா குனிய முடியாமல் குனிந்து குழாயை எடுத்தாள். கில்டோரன் அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டான். உள்ளே அண்ணன் வானொலியைச் சத்தமாக வைத்தான்; யாரோ ஒருவன் நாளைய பந்தயங்களில் எந்தக் குதிரை தேறும் என்று கலகலப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.