நாலாவது சொல்

பக்ருதீனுக்குப் பக்கவாதம் வந்து, கை கால் மீண்டுவிட்டது. சொற்கள் மீளவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் தலையசைப்பார். "என்ன வேணும்?" என்று கேட்டால் போச்சு. சொம்பு கண்ணெதிரே இருக்கும், அதன் பெயர் இருக்காது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று சொல்லை எடுத்துக் கொடுத்தால் நாலாவதை அவரே சொல்லிவிடுகிறார். காலுக்குச் செருப்பு, தலைக்கு? "தொப்பி." முதல் இரண்டுக்கும் என்ன உறவென்று பிடித்துக்கொண்டால் அடுத்தது வந்து நிற்கிறது. அதன்பிறகு நாகல் நகர் வீட்டில் மகள் ஹுஸ்னா தினமும் கேட்டாள்.

"பசுவுக்குக் கன்னு. ஆட்டுக்கு?"

"ரெண்டாந்தரம்."

ஹுஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குட்டி, அத்தா. மார்க் கிடையாது, போங்க."

அவருக்கு எரிச்சலாக வந்தது. தோல் மண்டி நடத்தியே காலம் கழித்தவர். அவர் மண்டியில் கன்றுத்தோல் ஒண்ணாந்தரம், ஆட்டுத்தோல் ரெண்டாந்தரம். இதில் என்ன தப்பு? யோசித்துப் பார்த்தபோது ஹுஸ்னாவுக்கும் புரிந்தது. மறுநாள் முதல் கேள்விகளை மண்டியிலிருந்தே எடுத்தாள். மீனுக்கு ஐஸ், பச்சைத் தோலுக்கு? "உப்பு." சட்டென்று வந்தது.

அதற்குள் அவளுடைய நிக்காஹ் வந்துவிட்டது. அதை நடத்திவைக்கும் ஹஸ்ரத் கேட்கும்போது, மகளைக் கொடுத்தேன் என்று தகப்பன் சொல்ல வேண்டும். எவ்வளவு பழகியும் அந்த ஒரு சொல் வரவில்லை.

"நான் சொல்லிர்றேன்டா. நீ பக்கத்துல உக்காந்தாப் போதும்" என்றார் அண்ணன் இஷாக்.

பக்ருதீன் முடியாதென்று தலையாட்டினார். அண்ணன் நல்லவர்தான். ஆனால் பிள்ளை இவருடையது.

சபையில் ஹஸ்ரத், மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் தொகையைச் சொல்லிவிட்டுக் கேட்டார். "உங்க மகளை இந்த மாப்பிள்ளைக்கு நிக்காஹ் செஞ்சு கொடுக்கிறீங்களா, பாய்?"

பக்ருதீன் வாயைத் திறந்தார். ஒன்றுமில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"தலையசைச்சாலும் போதும்" என்றார் ஹஸ்ரத், மெதுவாக.

இஷாக் தொண்டையைக் கனைத்தார்.

அடுத்த அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, பேசக்கூடாத மணப்பெண்ணின் குரல் வந்தது. "அத்தா, வாங்க வந்தவரு எடுத்துக்கிட்டேம்பாரு. மண்டிக்காரரு?"

"ஏய், சும்மா இருடி" என்று அவள் அம்மா நர்கீஸ் அதட்டியதும் கேட்டது.

"குடுத்தேன்" என்றார் பக்ருதீன்.

சபை முழுக்கக் கேட்டது. ஹஸ்ரத் மாப்பிள்ளை பக்கம் திரும்பப் போனார். பக்ருதீன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். யாரும் எடுத்துக் கொடுக்காமலே இன்னொரு சொல் வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணாந்தரம்."

சபை சிரித்தது. கதவுக்குப் பின்னால் பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஹுஸ்னாவின் குரல் மட்டும் இல்லை.