விரதம் இருந்த செடி

அன்று காலை என் கணவர் பிச்சுமணி தொட்டிச் செடியின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, "இன்னிக்கும் ஜலம் வேண்டாம், லலிதா" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். மத்தியானம் அங்கேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

கொல்லம் ஆண்டு 1112-இல் இவர் பொன்முடி மலைக்குக் கேம்ப் போனபோது, துரை பங்களாத் தோட்டக்காரனிடம் கேட்டு வாங்கி வந்த செடி அது. பெயர் அவனுக்கும் தெரியாது. இலையெல்லாம் வெள்ளி பூசினாற்போல இருக்கும். மஞ்சளாகப் பூக்குமாம். அந்தப் பூவைப் பார்த்துவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை.

ஸ்ரீவராகத்து வீட்டில் எங்களோடு இருந்த நாத்தனார் ஜெயலக்ஷ்மி இலையைத் தேய்த்துப் பார்த்தாள். வெண்மை போகவில்லை.

"விபூதியாக்கும், அண்ணா. சாக்ஷாத் பரமேஸ்வரன்."

துளசிமாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சிவனென்றால் அபிஷேகம் வேண்டாமா? குளித்துவிட்டுத் தினமும் ஒரு செம்பு. தெருப் பெண்களும் ஆளுக்கொரு செம்பு. சோமவாரத்தில் பால் வேறு. இடவப்பாதி மழையும் சேர்ந்துகொள்ள, இலைகள் கறுத்து அழுகின.

இவர் ஒரு கொப்பைக் காப்பாற்றி, சாரல் படாத இறவாரத்தில் தொட்டியில் நட்டார். மலைச்செடிக்கு ஜலம் ஆகாது என்றால் யார் கேட்டார்கள்? ஜெயலக்ஷ்மி செம்போடு பின்னாலேயே போனாள்.

"சிவன் அபிஷேகப் பிரியர், அண்ணா."

"செரி. இப்போ உபவாசம் இருக்கார். பூக்கிற வரைக்கும். நீ விரதத்தைக் கெடுக்கப் போறியா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எட்ட நின்று கும்பிட்டுப் போனார்கள். இவர் உள்ளே வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மண் காய்ந்தபோது மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு கை ஜலம் விட்டார். செடி தழைத்தது.

அவர் போன பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்ததும், அம்பாசமுத்திரத்து அத்தை துளசிக்கு நீர் விட்டுவிட்டு, செம்போடு தொட்டிப் பக்கம் திரும்பினாள். அத்தனை நாளும் யாரோடும் பேசாத நான் எழுந்து ஓடினேன்.

"அத்தை, விடாதீங்கோ. அது விரதம்."

"செடிக்கு என்னடி விரதம்?"

"ஆமா, அத்தை," என்றாள் ஜெயலக்ஷ்மி கவலையோடு. "பச்சைத் தண்ணி பல்லுல படப்படாது."

"அதுக்குப் பல்லு வேறயா?"

நான் சிரித்துவிட்டேன். ஜெயலக்ஷ்மியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தை மாதத்தில் பூத்தது. சின்னச் சின்னதாக, நல்ல மஞ்சள். ஜெயலக்ஷ்மி தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு செம்போடு வந்து நின்றாள்.

"விரதம் முடிஞ்சாச்சு, மன்னி."

மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது.

"அடுத்த விரதம் இன்னிக்குத்தான் ஆரம்பம்," என்றேன்.

செம்புகளெல்லாம் துளசிக்குப் போயின. ஜெயலக்ஷ்மி மட்டும் நின்று, ஓர் இலையை மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். வெண்மை போகவில்லை.