நீர் கோத்த நெஞ்சு

வார்டு சேவகன் நாகராசு ஆறாவது பெஞ்சையும் இழுத்து வந்து கூடத்தில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சுகள் அவை. வகுப்பு முடிகிறவரை வெளிநோயாளிகள் மரத்தடியில் நிற்க வேண்டும் என்று தர்ம ஆசுபத்திரியில் உத்தரவாகியிருந்தது. சுற்றுவட்டாரத்து டிஸ்பென்சரிகளிலிருந்து பதினான்கு டாக்டர்கள் வருகிறார்கள். மதராஸிலிருந்து வரும் பெரிய டாக்டர் அவர்களுக்கு நெஞ்சு நோய்களைப் பற்றிப் பாடம் நடத்தப்போகிறார்.

கூடத்தை ஒட்டிய வார்டில் பிச்சைமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனால் படுக்க முடியாது. படுத்தால் யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு அடைத்துவிடும். மடியில் ஒரு துணிமூட்டையை வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, முன்னால் குனிந்தபடியே மூன்று நாட்களைக் கழித்திருந்தான். நார்த்தாமலையில் பதினெட்டு வருஷமாகக் கல் உடைத்தவன். இப்போது ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினான்.

திங்கட்கிழமை அவனை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது டாக்டர் ஆத்மநாதன்தான் பார்த்தார். முதுகில் இடக்கை விரலைப் பதித்து, அதன்மேல் வலக்கை விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். இடப்பக்கம் ஒரு சத்தம் வந்தது, வலப்பக்கம் வேறு சத்தம். பிச்சைமுத்துவுக்கு அது புரிந்தது. பாறையைச் சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று கேட்கும். பிளவு ஓடிய கல் மொத்தென்று கேட்கும். அதைச் செத்த கல் என்பார்கள்.

"வலப்பக்கம் செத்த கல்லு, புள்ள" என்றான் மனைவியிடம்.

"பேசாம இருய்யா. இங்கயும் வந்து கல்லப் பத்தியே பேசிக்கிட்டு" என்றாள் காத்தாயி.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே அவளிடம் சொன்னார். "நெஞ்சுல நீர் கோத்திருக்கு. நெறைய. ஊசி போட்டு எடுத்துட்டா மூச்சு லேசாயிரும்."

"அப்ப இப்பவே எடுத்துருங்க சாமி."

"வியாழக்கெழமை வகுப்பு இருக்கு. அவங்க தட்டிப் பாத்துக் கத்துக்கணும்ல, இந்த மாதிரி நெஞ்சு லேசுல கெடைக்காது. அதுக்கப்புறம் மதராஸ் டாக்டரே எடுத்துருவாரு. மூணு நாள்தானே."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு அன்றைக்கு அது நாற்பதாவது நோயாளி.

நீர் கோத்திருக்கிறது என்றால் இனி உள்ளே நீர் போகக் கூடாது என்று காத்தாயி தீர்மானித்துக்கொண்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசுபத்திரிக் கஞ்சி வந்ததும் முந்தானையைப் போட்டு வடித்து, நீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய சோற்றை மட்டும் ஊட்டினாள். அவன் தண்ணீர் கேட்டபோதெல்லாம் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள்.

"ஒரு மடக்கு, புள்ள."

"குடிக்கக் குடிக்க அங்கதானே போய்ச் சேரும்? வியாழக்கெழம எடுத்துரட்டும். அப்புறம் ஒரு கொடம் குடி, நான் வேணாங்கல."

செவ்வாய்க்கிழமை அவன் கெஞ்சினான். புதன்கிழமை கேட்பதை நிறுத்திவிட்டான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாகராசும் இன்னொரு ஆளும் அவனை நாற்காலியோடு தூக்கிக் கூடத்தில் வைத்தார்கள். காத்தாயி ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மதராஸ் டாக்டர் வயதானவர். முரட்டுத்தனம் இல்லாதவர். பிச்சைமுத்துவின் சட்டையைத் தாமே கழற்றினார். நீர் நிற்கும் மட்டத்தை அவன் முதுகில் மையால் கோடு கிழித்துக் காட்டி, இங்கிலீஷில் விளக்கினார். பிறகு பதினான்கு பேரும் வரிசையாக வந்து தட்டினார்கள். சிலர் இரண்டு முறை. ஒவ்வொருவரும் மூச்சை இழுக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள், ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். ஒன்பதாவது ஆள் வந்தபோது அவன் தலை சாய்ந்தது. நாகராசு பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தான்.

மதராஸ் டாக்டர் அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். நாக்கு பழுப்பேறி, நடுவில் வெடித்து, பொட்டல் மண் மாதிரி இருந்தது.  பிறகு எல்லோரையும் கிட்டே வரச் சொன்னார்.

கீரனூரிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர், இவனுக்கு இருக்கும் லேசான சுரத்தால் இருக்குமோ என்று கேட்டார். இந்தச் சுரத்துக்கு இவ்வளவு வறட்சி வராது, கல் தூசியில் வேலை செய்கிறவர்களிடம் தனியாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி இது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார் பெரியவர். பதினான்கு பேனாக்களும் நோட்டுகளில் ஓடின. அதை அவரே கரும்பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

பிச்சைமுத்து ஆத்மநாதனின் கையைத் தொட்டான். "சாமி... தண்ணி..."

"எடுப்பாங்க, எடுப்பாங்க. அதுக்குத்தானே வந்திருக்காங்க. கொஞ்சம் பொறு."

"தண்ணி, சாமி..."

"என்ன சொல்கிறான்?" என்று, காதில் சரியாக விழாமல், இங்கிலீஷில் கேட்டார் மதராஸ் டாக்டர்.

"நீரைச் சீக்கிரம் எடுக்கச் சொல்கிறான்" என்றார் ஆத்மநாதன். இரண்டொருவர் சிரித்தார்கள்.

விலாவில் ஊசி ஏறியது. கண்ணாடி ஜாடியில் வைக்கோல் நிறத்தில் நீர் இறங்கியது. அரை ஜாடி நிறைந்ததும் நிறுத்தி, ஜாடியைக் கைமாற்றிக் கைமாற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். பிச்சைமுத்துவின் தோள்கள் இறங்கின. ஆசுபத்திரிக்கு வந்தபிறகு முதல்முறையாக அவன் ஒரு மூச்சை முழுதாக இழுத்தான்.

நாகராசு அவனை வராந்தாவுக்குக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தான். காத்தாயி ஓடிவந்தாள்.

"பாத்தீங்களாண்ணே? மூணு நாளா ஒரு சொட்டு குடுக்கல. அப்படியும் இம்புட்டு. குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

நாகராசு அவளைப் பார்த்தான். "குடிக்கவே குடுக்கலையா?"

"நீர் கோத்தவனுக்குத் தண்ணி குடுப்பாங்களா?"

"யாருத்தா ஒனக்கு அப்படிச் சொன்னது?"

 நாகராசு உள்ளே போய், ஆத்மநாதனை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னான். ஆத்மநாதன் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். வராதவர்களுக்காகக் கீரனூர் டாக்டர் அதை இன்னொரு தாளில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். மதராஸ் டாக்டர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆத்மநாதன் அவரை நோக்கி இரண்டடி வைத்தார். பிறகு நின்று, நாகராசுடன் வராந்தாவுக்கு வந்தார்.

"திருச்சி வண்டியில இன்னும் ஆறு பேர் வர்றாங்க" என்றார். "மூணு மணிக்கு அவங்களுக்கும் இவன் நாக்கக் காட்டணும்னு பெரியவர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் குடுக்க வேணாம். வாய மட்டும் நனைச்சு வை."

"சொன்னேன்ல" என்றாள் காத்தாயி நாகராசிடம். குரலில் கோபமில்லை, தெம்பு இருந்தது.

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. டாக்டர்கள் குடிப்பதற்காக வராந்தாவில் புதுப் பானை ஒன்று மணல்மேல் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து மொண்டு குடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பானையின் வெளிப்புறம் கசிந்து ஈரமாக இருந்தது. பிச்சைமுத்து சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து அதன் பக்கத்தில் போய், உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.