வடக்கே ஓடும் தண்ணீர்

டீனா அக்காவைப் பெண் பார்க்க வந்த ஃபிரெட்ரிக், இத்தாலியில் ஓர்த்தா என்ற சின்ன ஏரிக்கரையில், ஹோட்டலில் சமையல் வேலை செய்வதாகச் சொன்னான். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. துணைக்கு யாருமில்லாமல் தனியாக வந்ததே சந்தேகம். போன வருடம் துபாய் மாப்பிள்ளை என்று வந்தவன் ரங்கநாதன் தெருவில் நைட்டி விற்பதை மரியதாஸ் மாமா பார்த்துவிட்டார்.

எனக்குத்தான் எல்லோரையும்விட அதிக சந்தேகம். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அக்காவோடு மட்டும்தான் மனம்விட்டுப் பேசுவேன். அவன் பொய்யன் என்று தெரிந்தால் அவள் போகமாட்டாள். அதற்காகவே போனில் அந்த ஏரியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று அவன் சொல்வதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏரி நடுவுல ஒரு தீவு ஆன்ட்டி," என்றான் மம்மியிடம். "முன்னாடி அங்க பூரா பாம்பும் டிராகனும்தானாம். படகுக்காரங்க யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. ஜூலியோன்னு ஒரு புனிதர் மேலங்கியத் தண்ணில விரிச்சு, அதுல ஏறிப் போய் எல்லாத்தையும் வெரட்டினாராம். டிராகன் எலும்புன்னு ஒண்ணு இன்னும் கோயில்ல கீது."

"நம்ம தோமையார் கடல்ல கெடந்த மரத்த இடுப்புக் கயித்தால இழுத்தா மாதிரியே கீதே," என்றாள் மம்மி.

"சாந்தோம் கதைய அப்டியே இத்தாலிக்கு இட்டுனு பூட்டான்," என்று மாமா முணுமுணுத்தார்.

அவன் சரியாகத்தான் சொன்னான். ஆனால் நான் படித்ததை அவனும் படித்திருக்கலாம்.

"ஏரில மீன் கீதா?" என்றார் மாமா.

"இப்ப கீது அங்கிள். ஆலைக் கழிவால ஒரு காலத்துல ஏரியே செத்துப் போச்சாம். சுண்ணாம்புக்கல்லப் பொடி பண்ணிக் கலந்துதான் உயிர் குடுத்தாங்க."

"அப்டியே அடையாத்துக்கும் ஒரு மூட்டை எட்த்தாந்திருக்கலாம். சரி, தண்ணி எந்தப் பக்கமா வெளிய போவுது?"

"வடக்கால. மலைப் பக்கம்."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தண்ணி மலைலேர்ந்து எறங்கும். ஏறுதுன்னு நீ சொல்லித்தான் கேக்கறேன் நைனா."

"ஏறல அங்கிள். அந்தப் பக்கமா ஓடி வேற ஆத்துல சேருது. சுத்துப்பட்டு ஏரியெல்லாம் தெக்கால வடியும், இது மட்டும் இப்டி. எங்க ஆறு மேல போவுது, எங்க சட்டத்த நாங்களே போட்டுப்போம்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்வாங்க."

"நீயும் நல்லாதான் பிட்டு போட்டுக்கினு கீற."

மம்மி கேக் தட்டை உள்ளே எடுத்துப் போனாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு மட்டும்தான் தெரியும், அது உண்மை; நானும் படித்திருந்தேன். பொய் சொல்கிறவன் நம்புகிற மாதிரி அல்லவா சொல்வான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அக்கா இங்கேயே இருப்பாள். அவளோ முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்கும்போதுதான் அப்படிச் செய்வாள்.

"வடக்கதான் போவுது," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உனக்கு எப்டிடி தெரியும்?" என்றாள் மம்மி. "இவன் உன்கிட்ட போன்ல பேசினானா?"

"வூட்டுக்குள்ளயே ஆள் செட் பண்ணிக்கினு கீறான்," என்றார் மாமா.

போனில் வரைபடத்தைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஏரியிலிருந்து மேலே போகும் நீலக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினாள்.

"போன்ல எவன் வேணா கோடு போடலாம்," என்றார் மாமா.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. ஃபிரெட்ரிக்கைப் பார்த்து முதல் முறையாகப் பேசினாள்.

"டிசம்பர்ல அங்க ரொம்பக் குளிருமா?"