எண்பது டிகிரி

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு இன்குபேட்டரின் கதவு குளிர்ந்திருந்தது.

அனுப்பிரியா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எப்போதும் எண்பது டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி. உள்ளே ரப்பர் மூடியிட்ட கண்ணாடிக் குப்பிகள். இந்தியப் பெருங்கடலின் அடியில், பாறை வெடிப்புகளிலிருந்து கொதிநீர் பீறிடும் இடத்தில் வாழும் பாக்டீரியா அவற்றில் இருந்தது. அவளுடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான்.

சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

அணைத்தது வேலுத்தாய். சிவகாசிக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் ஆய்வகத்தைப் பெருக்கித் துடைப்பவள். கேட்டதும் ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது. ஆளில்லாத இடத்தில் சுடுகிற எதையும் அப்படியே விட்டுப்போக அவளால் முடியாது. முன்பு தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். பக்கத்து அறை வெடித்ததைக் கண்ட பிறகு அங்கே போவதை விட்டவள்.

அனுப்பிரியா எதையும் காதில் வாங்கவில்லை. தன் அம்மா வயதுக்காரியை நீ என்றாள். கண் என்ன பொடனியிலா இருக்கிறது என்று மாணவர்கள் முன்னால் கேட்டாள். அலுவலகத்துக்கும் போனாள். எல்லாம் செத்துவிட்டது என்றாள். அணைக்கக் கூடாது என்று சுவிட்சுக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தேன் என்றாள். எழுதியது ஆங்கிலத்தில் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் வேலுத்தாய் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் இடத்தில் புதிதாக ஒருத்தி பெருக்கினாள். பெயரை அனுப்பிரியா கேட்கவில்லை.

வெளியூர் போயிருந்த ஆய்வு வழிகாட்டி ஜெயச்சந்திரன் அடுத்த திங்கட்கிழமை திரும்பினார். குப்பிகளைப் பார்த்தார். திரும்பச் சூட்டில் வைக்கச் சொன்னார். அடுத்த நாள் எல்லாக் குப்பிகளிலும் நீர் கலங்கியிருந்தது. பாக்டீரியா வளர்ந்துகொண்டிருந்தது.

கொதிநீர் ஊற்றைவிட்டு விலகினால் இவை குளிர்ந்த கடல்நீரில் மிதந்துகொண்டே கிடக்கும், குளிர் இவற்றை நிறுத்தி வைக்குமே தவிர உடனே கொல்லாது என்றார் அவர். பிறகு சிரித்தார்.

"இதை நீதானம்மா உன் தீசிஸ் முன்னுரையில எழுதியிருக்க?"

ஆமாம். அவள்தான் எழுதியிருந்தாள்.

அவரிடம் வேலுத்தாயைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அலுவலக வாசல்வரை போய்த் திரும்பினாள். சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனாள்.

வேலுத்தாய் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். பழைய கம்பெனிக்கே போகிறாளாம். முழங்கைவரை அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. தேய்த்துக் கழுவிவிட்டு வந்தும், செம்பை முந்தானையால் பிடித்துத்தான் தண்ணீர் கொடுத்தாள். அனுப்பிரியா குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணும் சாகலக்கா. சூடு பட்டதும் முழிச்சிருச்சு. தப்பு என் மேலதான்."

அக்கா என்ற சொல் அவளுக்கே கூசியது.

வேலுத்தாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்லவேள டீச்சர். எங்கனயோ கடலுக்கடியில கெடந்த உசுர, நாம போயிக் கொன்னுட்டமேன்னு இருந்துச்சு." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அம்புட்டுத் தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு அதுக்குச் சூடு கேக்குதாக்கும்."

அனுப்பிரியாவால் சிரிக்க முடியவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். நாளைக்கே அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிடுவேன், ஆங்கிலத்தில் ஒட்டியதையும் சேர்த்து. வேலையைத் திரும்பத் தரச் சொல்வேன். நீங்கள் வந்தால் போதும்.

வேலுத்தாய் தெருவைப் பார்த்தாள். அவசரப்படாமல் பேசினாள்.

"என் எடத்துக்கு வந்திருக்காளே செல்லக்கனி, அவள நாந்தான் அங்கன போகச் சொன்னேன். எங்கூட வெடிமருந்துல வேல பாத்த புள்ள. இப்ப முழுகாம இருக்கா, நாலு மாசம். நான் வந்துட்டா அவள எங்கன அனுப்புவீக டீச்சர்?"