எவுத்திமியோ வீட்டு ஜெர்மன்காரி

சலமான்கா பேருந்து நிலையத்தில், கறுப்பு உடுப்பணிந்த லெயோனோர் ஓர் அட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'வீப்கே' என்று கொட்டை எழுத்தில் அதில் எழுதியிருந்தவர் அவளுடைய கணவர் எவுத்திமியோ. அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த அட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். ஒரு காலைக் கட்டி முடித்தார். மறு காலுக்குப் போவதற்குள் ஆளே போய்விட்டார். பேருந்து வருவது மாலை ஐந்து மணிக்கு என்பது வேறு விஷயம்.

கணவனைச் சாவு மண்டபத்தில் கிடத்திவிட்டுப் பெண்டாட்டி பேருந்துக்குக் காத்திருக்கலாமா? நாத்தனார் பெனீத்தா வாசலிலேயே மறித்துப் பார்த்தாள்.

"உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா அண்ணி? அந்தப் பொண்ணு ஏதாவது ஹாஸ்டலுக்குப் போகட்டும். நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டு எங்க ஊருக்கு வந்துடுங்க. தனியா இருந்து என்ன பண்ணப்போறீங்க?"

பெனீத்தா வீட்டுப் பின்னறை லெயோனோருக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் பன்றிக் கொட்டில். நாற்பத்தோரு வருஷமாக தன் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று, தெருவில் யார் யாரோடு போகிறார்கள் என்று கணக்காகப் பார்த்து வந்தவள், அங்கே போய் யாரைப் பார்ப்பது?

பேருந்து வந்தது. முதுகில் ஒரு மூட்டை, கையில் ஒரு பெட்டி, வைக்கோல் நிறத்தில் தலைமுடி. அட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண் குதித்தே விட்டாள்.

"வணக்கம்! தாங்கள் திருமதி லெயோனோர் அல்லவா? நான் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறேன்! திரு எவுத்திமியோ எங்கே? அவர் எனக்குப் பதினொரு கடிதங்கள் எழுதினார்!"

பாடப்புத்தகம் எழுந்து நடந்து வந்தது போலிருந்தது. டாக்ஸியில் ஏறிய பிறகுதான் லெயோனோர் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் புத்தகத்தில் சாவுக்குப் பாடம் இல்லை போலும். வீப்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை வீட்டுல விட்டுடட்டுமாம்மா?"

"வேண்டாம். நானும் வருகிறேன். என்னை அழைத்தவர் அவரல்லவா?"

இப்படித்தான் இருவரும் கைகோத்தபடி, பெட்டிச் சக்கரம் கடகடக்க, மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். இரண்டாம் மாடி எங்கார்னா முதலில் பார்த்தாள்.

"யாரு இது?"

"ஜெர்மனியிலேர்ந்து வந்திருக்காளாம்."

"எவுத்திமியோ இளவயசுல அங்க ஆறு வருஷம் வேலை பார்த்தாரே!"

"ஐயையோ... பேத்தி!"

அவ்வளவுதான். சிகரெட்டுக்கு வெளியே போனவர்கள் பாதி சிகரெட்டோடு உள்ளே வந்தார்கள். கிளம்ப எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். எவுத்திமியோ வம்சத்துக்குக் காது கொஞ்சம் தாராளம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்டிக்குள் கிடந்தவருக்கும் அவை தலையணைக்கு இருபுறமும் ஜாடிக் கைப்பிடிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. ஆகவே அத்தனை கண்ணும் காதை மூடியிருந்த அந்த வைக்கோல் முடியையே பார்த்துக்கொண்டிருந்தன. வீப்கேவுக்குப் புழுங்கியது. முடியை அள்ளிக் கட்டினாள். பாதாம்பருப்பு மாதிரி இரண்டு சின்னக் காதுகள்.

"பாட்டியைக் கொண்டு பொறந்திருக்கா" என்று எங்கார்னா தீர்ப்புச் சொன்னாள்.

பிறகு ஆளாளுக்கு வந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். ஊர் எது, அம்மா பேர் என்ன, பாட்டிக்கு இப்போது எத்தனை வயது என்று துளைத்தார்கள். வீப்கே முகம் சிவக்க லெயோனோரின் காதில் கிசுகிசுத்தாள்.

"மன்னியுங்கள். இது துக்கமான இடம் என்று அறிவேன். ஆனால் வந்த முதல் நாளிலேயே இத்தனை பேர் என்னுடன் பேசுகிறார்கள்! பாதி புரிகிறது!"

"மீதி புரியாம இருக்கறதே நல்லதும்மா."

லெயோனோருக்குக் கணவர்மேல் சந்தேகம் துளிகூட இல்லை. பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் 'அறை வாடகைக்கு' என்று சீட்டு ஒட்டியவளே அவள்தான். எவுத்திமியோ முகம் மழிக்கும்போதெல்லாம் பழைய ஜெர்மன் வார்த்தைகளைச் சொல்லிப் பார்ப்பார். கண் மங்கிப்போன அவர் சொல்லச் சொல்லப் பதினொரு கடிதங்களையும் கணினியில் தட்டியவளும் அவள்தான்.

பெனீத்தா மூச்சிரைக்க வந்தாள். "ஜனங்க என்ன பேசுறாங்கன்னு தெரியுமா அண்ணி? வெறும் வாடகைக்கு வந்தவள்னு எழுந்து சொல்லுங்க! இல்லேன்னா எங்கண்ணன் ரத்தம்னே முடிவு கட்டிடுவாங்க. அப்புறம் அவளை எப்படி ஹாஸ்டலுக்கு அனுப்பறது?"

லெயோனோர் எழுந்தாள். மண்டபமே அவள் பக்கம் திரும்பியது. எங்கார்னாவின் கையில் ரொட்டித்துண்டு பாதி வழியில் நின்றது. லெயோனோர் வாயைத் திறந்தாள், கண்ணாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், மூடிக்கொண்டாள். மெல்ல உட்கார்ந்தாள்.

"அதானே பெனீத்தா, எப்படி அனுப்பறது?" என்றாள். "அவ படிப்பு பிப்ரவரியில முடியற வரைக்கும் வீட்டைப் பூட்ட முடியாது."

பெனீத்தா போன பிறகு, கண்ணாடியில் நெற்றியை வைத்து முணுமுணுத்தாள்: "பிப்ரவரி வரைக்கும் இந்தப் பழியைப் பொறுத்துக்கோ."

இரவெல்லாம் இருவரும் மண்டபத்திலேயே இருந்தார்கள். மறுநாள் சவப்பெட்டிக்குப் பின்னால் முதல் வரிசையில் வீப்கே நடந்தாள். கல்லறைச் சேறு அப்பிய ஷூக்களோடு. அவள் ஏன் முதல் வரிசையில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவற்றைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். அங்கே எவுத்திமியோவின் ஷூக்கள் நேற்று அவர் காலிலிருந்து கழற்றி வைத்த இடத்திலேயே கிடந்தன. ஒன்று கட்டியபடி, ஒன்று நாடா தொங்கியபடி.

"இது என் அறையா? சன்னலில் தெரு முழுதும் தெரிகிறதே!" உள்ளேயிருந்து குரல் துள்ளியது.

"நாளைக்கு முதல் வகுப்பு எத்தனை மணிக்கும்மா?"

"எட்டரைக்கு!"

"ஏழு மணிக்கு எழுப்பறேன்."

லெயோனோர் முக்காலியில் உட்கார்ந்து, கட்டாத ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாடாவை இழுத்து, இரட்டை முடிச்சாகப் போட்டாள். மற்றதன் பக்கத்தில் வைத்தாள்.